டெல்ட்ரான் 3030: இதில் கதை எங்கே இருக்கிறது?

ஊசிமுனை (இழையைத் தொடங்கியவர்)

கல்லடி வாங்கத் தயாராகத்தான் இதை எழுதுகிறேன். ஹிப்-ஹாப்பில் அறிவியல் புனைகதை என்று பேச்செடுத்தால், 2000ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த டெல்ட்ரான் 3030 ஆல்பத்தைத்தான் எல்லோரும் கைகாட்டுகிறார்கள். டெல் த ஃபங்கி ஹோமோசேப்பியனின் ராப், டான் த ஆட்டமேட்டரின் இசை, கிட் கோவாலாவின் ஸ்கிராட்ச் (இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் உரசி எழுப்பும் ஒலி). எனக்கும் பிடித்த ஆல்பம்தான். எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை.

நேற்று ஒரு நண்பர் "அதன் கதை என்ன?" என்று கேட்டார். உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஆண்டு 3030. பெருநிறுவனங்கள் கோள்களையெல்லாம் ஆள்கின்றன. டெல்ட்ரான் ஜீரோ முன்னாள் இயந்திரப் படைவீரன், கணினி மேதை. ஆட்சியை எதிர்த்துக் கிளம்புகிறான். அண்டவெளி ராப் போட்டிகளில் வந்தவர்களையெல்லாம் வீழ்த்துகிறான். பிறகு? பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆட்சி கவிழ்ந்ததா, அவன் பிடிபட்டானா, எதுவும் இல்லை.

மொத்தம் 21 தடங்கள். அவற்றில் ஒன்பது இடைத்துண்டுகள், அதாவது பாடல்களுக்கு நடுவே வரும் சிறு துண்டுகள். மீதியுள்ள 12 பாடல்களில் பாதிக்கு மேல் "என்னைப் போல ராப் பாட எவனும் பிறக்கவில்லை" என்ற அதே பழைய பல்லவிதான், விண்வெளி உடுப்பு மாட்டிக்கொண்டு வருகிறது. லேசர் வரும் இடத்தில் கத்தி என்று போட்டுப் பாருங்கள், 1988இல் யாரோ தெருமுனையில் பாடியதாகிவிடும்.

இது உண்மையிலேயே கருப்பொருள் ஆல்பமா, அதாவது எல்லாப் பாடல்களும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்வதா? வேடம் கட்டிய சாதாரண ஆல்பமா?

---

கடைசிபெஞ்ச்

கல்லோடுதான் வந்தேன். படித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். பத்து வருடமாகக் கதை புரிந்தவன் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

---

பழையநாடா

கதையைப் பாட்டுக்குள்ளேயே தேடினால் கிடைக்காது. அந்த ஆள் அதற்கு முன் எங்கே இருந்தார் என்று பாருங்கள்.

டெல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டைச் சேர்ந்தவர், ராப் கலைஞர் ஐஸ் கியூபுக்கு உறவினர். 1991இல் முதல் ஆல்பம், 1993இல் இரண்டாவது, இரண்டையும் எலெக்ட்ரா என்ற பெரிய நிறுவனம் வெளியிட்டது. அதன்பின் ஒப்பந்தம் போயிற்று. அடுத்த ஆல்பம் 1997இல் ஒலிநாடாவாக, அவருடைய ஹைரோகிளிஃபிக்ஸ் குழுவின் இணையதளம் வழியாக வந்தது. 1997இல் இணையதளத்தில் நாடா விற்பதென்றால் என்ன என்று இன்றைக்கு யோசித்துப் பாருங்கள். படம் ஒன்று திரையில் முழுதாகத் தெரியவே நேரமாகும் காலம் அது.

இனி அந்த ஆண்டுகளில் வெளியே என்ன நடந்தது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1996இல் அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. ஒரே நிறுவனம் நாடு முழுக்க இத்தனை வானொலி நிலையங்களைத்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பு போனது. கிளியர் சேனல் சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களைச் சேர்த்துக்கொண்டது. 1998இல் சீகிராம், அதாவது மதுபான வியாபாரத்தில் வளர்ந்த நிறுவனம், பாலிகிராம் என்ற இசை நிறுவனத்தை ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கித் தன்னிடமிருந்த யுனிவர்சலோடு சேர்த்தது. 2000 ஜனவரியில், ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் டைம் வார்னரை வாங்கப்போவதாக அறிவித்தது. எலெக்ட்ரா அந்த டைம் வார்னரின் கையில்தான் இருந்தது.

புரிகிறதா? தன்னை வெளியே அனுப்பிய நிறுவனத்தையே இன்னொரு நிறுவனம் விழுங்கப்போகிறது. நான்கு மாதம் கழித்து இந்த ஆல்பம் வருகிறது. அதில் ஓர் இடைத்துண்டு "செய்திகள்". தலைப்பிலேயே அது மைக்ரோசாஃப்டின் முழு உரிமையுள்ள துணை நிறுவனம் என்று போட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு அந்தத் துண்டுதான் முழுக்கதை.

---

விண்கல்

பழையநாடா ஐயா, இதெல்லாம் எனக்குப் புதிது. நான் இரண்டு வருடமாகத்தான் கேட்கிறேன். அப்படியானால் போட்டிப் பாடல்கள் எதற்கு? நிறுவனங்களை எதிர்ப்பவன் ஏன் பாட்டுப் போட்டியில் நேரத்தைப் போக்குகிறான்?

---

பழையநாடா

ஐயா வேண்டாம், அவ்வளவு வயதாகவில்லை. நாடா மட்டும்தான் பழையது.

கேள்வி நல்ல கேள்வி. காற்று, நீர், செய்தி, நினைவு எல்லாவற்றுக்கும் முதலாளி இருக்கும் ஊரில், அவன் கையில் அவனுடையது என்று மிஞ்சியிருப்பது வாய் ஒன்றுதான். அதனால் அதைக் கொண்டு சண்டை போடுகிறான். ஊசிமுனைக்கு அது தற்பெருமையாகக் கேட்கிறது. எனக்கு அது சொத்து விவரப் பட்டியலாகக் கேட்கிறது.

---

ஊசிமுனை

பழையநாடா சொன்ன வரலாறு அத்தனையும் சரி. ஆனால் அது ஆல்பத்துக்கு வெளியே இருக்கிறது. எலெக்ட்ரா யார், ஏஓஎல் யார் என்று தெரியாமல் விண்கல் இரண்டு வருடம் கேட்டிருக்கிறார். அவருக்கு ஆல்பம் எந்தக் கதையைச் சொன்னது? பின்குறிப்பு படித்தால்தான் விளங்கும் என்றால் அது பின்குறிப்பின் பெருமை.

---

விண்கல்

என் பெயர் அடிபடுவதால் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஏழெட்டு மாதம் நான் இதைத் தடங்கள் கலைந்து ஒலிக்கும்படி வைத்துத்தான் கேட்டேன். பொத்தான் அழுந்தியிருந்ததை நான் கவனிக்கவில்லை. எனக்கு ஆல்பம் தொடங்கியதே "வைரஸ்" பாட்டில்தான். அதன்பின் ஏதோ ஓர் அறிவிப்பாளர் கத்தினார், பிறகு டேமன் ஆல்பர்ன் என்ற ஆங்கிலேய ராக் பாடகரின் குரலில் ஏக்கமாக ஒரு பாட்டு, நடுவில் எங்கோ ஏழரை நிமிட "3030".

வரிசை தவறு என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அந்த ஊரில் நடந்துகொண்டிருப்பது போலத்தான் இருந்தது.

இது ஊசிமுனைக்குச் சாதகமா பாதகமா என்று தெரியவில்லை.

---

ஊசிமுனை

சாதகம்! கலைத்துப் போட்டாலும் வித்தியாசம் தெரியாதது எப்படிக் கதையாகும்?

---

மூன்றாம்சீர்

இரண்டு நாளாக வேடிக்கை பார்த்தேன், இனி முடியாது.

முதலில் லேசர்-கத்தி விஷயம். லேசரை எடுத்துவிட்டுக் கத்தியைப் போட முடியாது, வரி உடைந்துவிடும். டெல் எழுதுவது அடி இறுதியில் மட்டும் ஒலி சேர்ப்பது கிடையாது. நான்கைந்து அசை நீளமுள்ள ஒரு சொல்லை எடுத்து, அதே அசைகளை அடுத்த அடியின் நடுவில் இரண்டு மூன்று சிறு சொற்களாகப் பிரித்துத் திரும்ப வரவைப்பார். ஆய்வுக்கூடத்துச் சொற்கள் அவருக்குத் தோதாக இருப்பது அதனால்தான்: லத்தீன் கிரேக்க வேர்கொண்ட நீளமான சொற்கள், நிறைய அசைகள், எங்கே வேண்டுமானாலும் அழுத்தம் கொடுக்கலாம். எதுகையும் இயைபும் காதில் ஊறியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பொருள் பாதி விளங்காமலே அந்த ஆல்பத்தை நம்மில் பலர் ரசிப்பதற்கும் காரணம் இதுவே. அறிவியல் புனைகதை அவருக்குக் கதைக்களம் என்பதற்கு முன்னால் ஒரு சொற்களஞ்சியம். ராப் கலைஞருக்குப் புதுச் சொற்களஞ்சியம் கிடைப்பதென்றால் தச்சருக்குப் புது மரம் கிடைத்த மாதிரி.

இரண்டாவது, கதை. காப்பியத்தைத் தேடிக்கொண்டு தொகைநூலுக்குள் நுழைந்திருக்கிறீர்கள் ஊசிமுனை. அகப்பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவன் பெயர் கிடையாது, முன்கதை கிடையாது, முடிவு கிடையாது. திணை இருக்கிறது, துறை இருக்கிறது, ஒருவர் பேசுகிறார். அடுத்த பாட்டில் வேறொருவர் பேசுகிறார். நிலமும் பொழுதும் அதேதான். வரிசையை மாற்றினால் ஒன்றும் கெடாது, ஏனென்றால் வரிசை அதன் வேலையே கிடையாது. டெல்ட்ரான் 3030 ஒரே திணையில் 12 துறைகள். போர் ஒன்று, தப்பித்தல் ஒன்று, கருவிகளைப் புதுப்பித்தல் ஒன்று, மறதி ஒன்று. விண்கல் கலைத்துப் போட்டுக் கேட்டதும் ஊர் அப்படியே நின்றதும் இப்படித்தான்.

மூன்றாவது, "வேடம்". இந்தச் சொல்லை நீங்கள் திரும்பப் பெற வேண்டும். கறுப்பின இசையில் விண்கலம் 2000இல் வந்து இறங்கவில்லை. ஜார்ஜ் கிளின்டனின் பார்லியமென்ட் குழு 1975இலேயே தாய்க்கலத்தில் ஏறிவிட்டது. டெல்லின் முதல் ஆல்பத்தின் தலைப்பு அந்த ஜார்ஜைத்தான் நினைவுகூர்கிறது. 1993இல் மார்க் டெரி என்ற விமர்சகர் இதற்கு ஆஃப்ரோஃப்யூச்சரிசம் என்று பெயர் வைத்தார். கடந்த காலத்தை அடிமைக் கப்பலில் பறிகொடுத்தவர்கள் எதிர்காலத்தைத் தங்கள் பெயரில் எழுதிக்கொள்வதை வேடம் என்பீர்களா?

---

ஊசிமுனை

வேடம் என்றதைத் திரும்பப் பெறுகிறேன். மன்னிக்கவும், அவசரத்தில் விழுந்த சொல்.

ஆனால் தொகைநூல் வாதத்தை விடமாட்டேன். ஹிப்-ஹாப்பில் கதை சொல்ல முடியாது என்றால் ஒத்துக்கொள்வேன். முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதே! கிளிப்பிங் குழுவின் 2016 ஆல்பம், ஸ்பிளென்டர் அண்ட் மிசரி. அதிலும் ராப் பாடுபவர் டேவீட் டிக்ஸ், அவரும் ஓக்லண்ட்காரர்தான். விண்வெளியில் அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பலில் கலகம் வெடிக்கிறது; ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான்; அவனுக்குப் பெயர் கிடையாது, சரக்கு எண் 2331 மட்டும். கப்பலின் கணினி அவன்மேல் காதல் கொள்கிறது. தொடக்கம், நடு, முடிவு மூன்றும் இருக்கின்றன. அடுத்த ஆண்டு அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதுக்கு, நாடகப் படைப்புகளின் குறுவடிவப் பிரிவில், தொலைக்காட்சித் தொடர்களின் அத்தியாயங்களோடு போட்டியிட்டது. ஒரு ராப் ஆல்பம்!

அதில் எனக்குப் பிடித்தது ஒன்று. ராப் வரிகளில் டிக்ஸ் "நான்" என்று சொல்லமாட்டார். அது அந்தக் குழு தனக்கு வகுத்துக்கொண்ட விதி. டெல்ட்ரானிலோ திரும்பிய பக்கமெல்லாம் "நான்". ஒருவன் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அவனைச் சுற்றி என்ன நடக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

---

கடைசிபெஞ்ச்

நாம் எல்லோரும் அப்படித்தானே இந்த இழையில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

---

மூன்றாம்சீர்

ஊசிமுனை, இது நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன். கிளிப்பிங் செய்தது காப்பியம்தான். ஆனால் அவர்களிடம் "நான்" இல்லாததால் அந்த 2331இன் தனிமையை நான் கணினியின் கண்வழியாகத்தான் பார்க்கிறேன். அவன் பக்கத்தில் போக முடிவதில்லை. அந்தத் தூரமே அவர்களுக்கு வேண்டியிருந்தது என்றும் சொல்லலாம். டெல் பக்கத்தில் நின்று காதில் கத்துகிறார். இரண்டும் எனக்கு வேண்டும்.

---

இரைச்சல்

பாட்டு வரிகளைப் பற்றி இத்தனை பேச்சு. இசையைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லையே?

நான் வீட்டில் பீட், அதாவது ராப்புக்கான பின்னணி இசை, செய்பவன், பெரிய ஆள் கிடையாது. இந்த ஆல்பத்தில் என்னை உறுத்தும் கேள்வி: ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு நடப்பது ஏன் இத்தனை பழையதாக ஒலிக்கிறது? 1982இல் ஹிப்-ஹாப் முன்னோடி ஆஃப்ரிகா பம்பாட்டா எதிர்காலத்தைத் தேடியபோது 808 டிரம் இயந்திரத்தையும் ஜெர்மானிய மின்னணு இசையையும் கையில் எடுத்தார். இயந்திர ஒலிதான் எதிர்கால ஒலி என்பது அன்றைய கணக்கு. ஆட்டமேட்டர் அந்த வழியில் போகவில்லை.

"3030" தொடங்கும் இடத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். பாடகர் கூட்டம் ஒன்று எங்கிருந்தோ எழுகிறது. தேவாலயத்தின் உயரமான கூரைக்குக் கீழே நிற்பது போல இருக்கும். அந்தச் சாம்பிள், அதாவது பழைய பதிவிலிருந்து வெட்டி எடுத்த ஒலித்துண்டு, வில்லியம் ஷெல்லர் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளருடையது. 1972இல் வெளிவந்த லுக்ஸ் ஏட்டெர்னாவின் முதற்பகுதி. அதை அவர் ஒரு நண்பரின் திருமணத்துக்கான பூசை இசையாக எழுதினார். ஆம், கல்யாண இசை. அதை எடுத்துப் பெருநிறுவனங்கள் ஆளும் 3030க்கு வாசல் வைத்திருக்கிறார் இந்த மனிதர்.

நான் ஒருமுறை அந்த இடத்தில் வேறு பீட் போட்டுப் பார்த்தேன், பளபளவென்று சின்தசைசர் வைத்து. டெல்லின் குரல் உடனே சிறுத்துப்போனது. விளையாட்டுச் சாமான் விளம்பரம் போல ஆகிவிட்டது. கூட்டுப்பாடலின் கனம் பின்னால் இருப்பதால்தான், அவர் சொல்லும் இயந்திரப் படை, விண்மீன் கூட்டம் எல்லாவற்றையும் நம்ப முடிகிறது. ஏழரை நிமிடமும் அதே சாம்பிள்தான் மேலே தூக்கிப் பிடித்திருக்கிறது.

கோவாலாவை மறந்துவிடாதீர்கள். மான்ட்ரியல்காரர். இடைத்துண்டு ஒன்றுக்கு அந்த நகரத்து செயின்ட் கேத்தரின் தெருவின் பெயர். ஸ்கிராட்ச் என்பது என்ன? நடந்துகொண்டிருக்கும் ஒலியைக் கையால் பிடித்துப் பின்னுக்கு இழுப்பது. காலப் பயணக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் உண்டா? மூன்று ஆண்டு கழித்து அவரே ஓர் இயந்திர மனிதனை நாயகனாக்கிச் சொற்களே ஏறக்குறைய இல்லாத படக்கதை ஒன்று வரைந்து இசையோடு வெளியிட்டார். இந்தக் கூட்டணியில் உண்மையான கதைசொல்லி அவர்தான் என்பது என் சந்தேகம்.

---

விண்கல்

இரைச்சல், திருமண இசை என்று தெரிந்தபின் இன்று காலை அதைக் கேட்டேன். சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

"வைரஸ்" பாட்டைப் பற்றி ஒரு கேள்வி. உலகத்துக் கணினிகளையெல்லாம் முடக்கும் வைரஸை எழுதுவேன் என்கிறானே, அதே 2000 மே மாதத்தில்தான் "ஐ லவ் யூ" என்ற மின்னஞ்சல் புழு உலகமெங்கும் கணினிகளை முடக்கியதாகப் படித்தேன். அவர் முன்கூட்டியே கணித்துவிட்டாரா?

---

பழையநாடா

தீர்க்கதரிசனமெல்லாம் கிடையாது. அந்தப் புழு மே 4 வாக்கில் பரவத் தொடங்கியது, ஆல்பம் மே 23. பாட்டு அதற்கு எத்தனையோ காலம் முன்பே எழுதிப் பதிவாகியிருக்க வேண்டும். ஆனால் 1999 முழுக்க 2000ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறு பற்றித்தான் ஊரெங்கும் பேச்சு. விடிந்தால் விமானம் விழும், வங்கி முடங்கும் என்றார்கள். ஜனவரி 1 வந்தது, பெரிதாக எதுவும் நடக்கவில்லை. டெல் அந்தப் பயத்தைத் தலைகீழாகத் திருப்பினார்: எல்லோரும் எது நடந்துவிடக் கூடாது என்று நடுங்கினார்களோ, அதை நடத்திக்காட்ட ஒருவன் ஆசைப்படுகிறான். அவனுக்கு அந்தக் கணினிகளில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

---

கடைசிபெஞ்ச்

இரண்டாம் பாகத்தைப் பற்றி யாராவது வாய் திறப்பீர்களா?

---

இரைச்சல்

2013இல் வந்தது, 13 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின். ஜோசப் கார்டன்-லெவிட் என்ற திரைநடிகர் தொடக்கத்தில் கதைச் சுருக்கம் சொல்கிறார். ராக் பாடகர்கள் ஜாக் டி லா ரோச்சா, மைக் பாட்டன், சமையற்கலைஞர் டேவிட் சாங் என்று விருந்தாளிகள் வரிசை. ஊசிமுனை கேட்ட விளக்கமெல்லாம் அதில் இருக்கிறது. நான் இரண்டு முறை கேட்டேன்.

---

ஊசிமுனை

சரி சரி, குத்தல் புரிகிறது. நானும் இரண்டு முறைதான்.

விளக்கம் கேட்டேனே தவிர விளக்கவுரை கேட்கவில்லை. இரண்டாம் பாகத்தில் நடிகர் வந்து இந்த உலகம் இப்படி ஆகிவிட்டது என்று சொன்னவுடன் எனக்குச் செய்ய வேலையில்லாமல் போகிறது. முதல் பாகத்தில் குறைந்தபட்சம் நண்பர் முன்னால் திணறவாவது முடிந்தது.

இப்போது என் நிலை: மூன்றாம்சீரின் தொகைநூல் வாதத்தை முக்கால்வாசி ஏற்கிறேன். இதை உலகம் என்று சொல்லுங்கள், திணை என்று சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கதை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

---

பழையநாடா

கதைக்கும் உங்களுக்கும் அப்படி என்ன பகை?

---

விண்கல்

நேற்றிரவு முதன்முறையாக ஒன்றிலிருந்து 21 வரை வரிசையாகக் கேட்டேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம், விளக்கை அணைத்துவிட்டு.

பெரும்பாலும் மூன்றாம்சீர் சொன்னதுதான் சரி, வரிசையால் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஓர் இடம் தவிர. பதினான்காவது தடத்தில் காலம் நழுவுகிறது என்று ஆல்பர்ன் பாடுகிறார். ஒரு மாதிரித் தளர்ந்த குரல், போதும் என்று உட்கார்ந்துவிட்டவனைப் போல. அது ஓய்ந்த கையோடு, பதினைந்தாவதாக, பழையநாடா சொன்ன அந்த நிறுவனச் செய்தி வருகிறது. உற்சாகமாக, ஒன்றுமே நடக்காதது போல. அது முடிந்ததும் "டர்புலன்ஸ்".

கலைத்துப் போட்டுக் கேட்டபோது இந்த மூன்றும் ஒருநாளும் அடுத்தடுத்து வரவில்லை. ஊசிமுனை, பதினான்கிலிருந்து பதினாறு வரை மட்டும் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுகிறீர்களா?

---

ஊசிமுனை

கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதினைந்தில் இருக்கிறேன்.